அரபி ஸ்டிக்கர் ஒட்டினால் போதுமா? வளைகுடா நாடுகளின் உணவு லேபிள் விதிகள்: ஓர் எளிய விளக்கம்

"அண்ணா, எல்லாப் பாக்கெட்லயும் அரபி ஸ்டிக்கர் ஒட்டித்தானுங்க அனுப்பினோம். அப்புறம் எதுக்குங்க சரக்கை நிறுத்தி வெச்சிருக்காங்க?"

ஈரோட்டுப் பக்கம் சாம்பார் பொடி, ரசப் பொடி அரைத்து விற்கும் தம்பி ஒருவர் போனில் கேட்ட கேள்வி இது. அவருக்கு அது முதல் ஏற்றுமதி. சரக்கு துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் இறங்கி நான்கு நாளாகக் கிடந்தது. துபாயில் உணவுப் பொருள் இறக்குமதி செய்யும் ஓர் இடத்தில் லேபிள் சரிபார்ப்பது என் வேலை. இதே கேள்வியை வெவ்வேறு குரலில் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது கேட்கிறேன்.

அரபு நாட்டு லேபிள் விதி என்றதும் நம் ஆட்களிடம் மூன்று பேச்சு புழங்குகிறது. அரபியில் மொழிபெயர்த்து ஒட்டினால் வேலை முடிந்தது என்பார் ஒருவர். ஹலால் முத்திரை இருந்தால் வேறு எதையும் கேட்க மாட்டார்கள் என்பார் இன்னொருவர். துபாயில் ஏற்றுக்கொண்டால் எல்லா அரபு நாட்டிலும் செல்லும் என்பார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதை நம்பித்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். அந்தத் தம்பியின் சாம்பார் பொடிப் பாக்கெட்டையே கையில் வைத்துக்கொண்டு, இந்த விதிகள் எப்படி வேலை செய்கின்றன என்று அடியிலிருந்து பார்ப்போம்.

## பத்திர ஆபீஸில் நடப்பதுதான் இங்கேயும்

நிலம் விற்கப் போகிறீர்கள். பட்டாவில் அப்பா பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி, பத்திரத்தில் சர்வே எண் ஓர் இலக்கம் மாறியிருக்கிறது. நிலம் உங்களுடையதுதான், ஊரே சாட்சி சொல்லும். ஆனாலும் அன்றைக்குப் பதிவு நடக்காது. நிலம் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று அலுவலர் போய்ப் பார்க்கவில்லை. அவர் முன்னால் இருப்பது தாள்கள். அவை ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

உணவு லேபிளும் அப்படி ஒரு பத்திரம். இந்தப் பாக்கெட்டுக்குள் இன்ன பொருள், இன்ன அளவில், இன்ன நாளில், இன்ன இடத்தில் அடைக்கப்பட்டது என்று தயாரித்தவர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி அது. படம் அழகாக இருக்கிறதா, பேர் எடுப்பாக இருக்கிறதா என்பதெல்லாம் கடைக்காரர் கவலை. அதிகாரியின் கவலை மூன்று: லேபிள் விதி கேட்கிறபடி இருக்கிறதா, உள்ளே இருக்கும் பொருளோடு ஒத்துப்போகிறதா, கூட வரும் இன்வாய்ஸ், சான்றிதழ் போன்ற தாள்களோடு ஒத்துப்போகிறதா. இந்த மூன்றுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால் அதற்குப் பேர் விதி இணக்கம். தொழிலில் இருப்பவர்கள் கம்ப்ளையன்ஸ் என்று சொல்வது இதைத்தான்.

மொழிபெயர்ப்பு இந்த மூன்றில் முதலாவதற்குள் அடங்கும் ஒரு சின்னப் பகுதி. அவ்வளவுதான்.

## விதியை எழுதியது யார்?

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு, விவசாய அமைப்பும் சேர்ந்து 1963 இல் ஓர் ஆணையத்தை ஏற்படுத்தின. அதன் பெயர் கோடெக்ஸ். உலக நாடுகள் உணவைப் பற்றிப் பொதுவாக ஒப்புக்கொண்ட தரங்களின் தொகுப்புக்கும் அதே பெயர்தான். பாக்கெட் உணவின் லேபிள் எப்படி இருக்க வேண்டும் என்ற கோடெக்ஸ் தரம் 1985 ஆம் ஆண்டினது. அதன் எண் 1. லேபிள் விஷயத்தில் இந்திய விதி, ஐரோப்பிய விதி, வளைகுடா விதி எல்லாம் ஒரே குடும்பச் சாயலில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

அடுத்த படி, ஜி.எஸ்.ஓ. அமீரகம், சவுதி, கத்தார், குவைத், பஹ்ரைன், ஓமன் ஆகிய வளைகுடாக் கூட்டமைப்பு நாடுகளுக்குப் பொதுவான தர நிர்ணய அமைப்பு இது. தலைமையகம் ரியாத். 2004 இல் வேலையைத் தொடங்கியது. பிறகு ஏமனும் சேர்ந்துகொண்டது. இந்த அமைப்பின் தரங்களுக்கு எண்கள் உண்டு. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், மூன்று போதும். பாக்கெட் உணவின் லேபிளுக்கு 9. காலாவதிக் காலத்துக்கு 150. ஊட்டச்சத்துப் பட்டியலுக்கு 2233. லேபிள் வேலையில் இருக்கும் ஒருவரிடம் "ஒன்பதைப் பார்த்தீங்களா?" என்று கேட்டால் அவருக்கு உடனே புரியும்.

மூன்றாவது படியில் அந்தந்த நாட்டின் அதிகாரிகள் நிற்கிறார்கள். சவுதியில் எஸ்.எஃப்.டி.ஏ. என்ற உணவு, மருந்து ஆணையம். அமீரகத்தில் தரங்களை வகுப்பது தொழில், உயர்தொழில்நுட்ப அமைச்சகம். ஆனால் துபாயில் சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது துபாய் மாநகராட்சி. இங்கே இருக்கும் நம்மவர்கள் எல்லோரும் அதை 'பலதியா' என்றே சொல்வார்கள். அபுதாபிக்கு அதற்கென்று தனி உணவுப் பாதுகாப்பு ஆணையம் உண்டு.

ஒரே மாவுதான், ஆனால் வீட்டுக்கு வீடு தோசை வேறு மாதிரி வருகிறது இல்லையா, அதே கதை. பொதுத் தரம் ஒன்று, அதன்மேல் ஒவ்வொரு நாடும் தன் விதியைச் சேர்க்கிறது. வளைகுடாவைத் தாண்டினால் மாவே வேறு. எகிப்தில் 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. ஜோர்டானிலும் மொராக்கோவிலும் வேறு வேறு அமைப்புகள். 'அரபு நாட்டு விதி' என்று ஒற்றை விதி எங்கேயும் கிடையாது. விற்கப்போகும் நாடு எது என்று முடிவு செய்யாமல் லேபிள் அச்சடிக்கக் கூடாது.

இதுவரை பார்த்தது: லேபிள் ஓர் உறுதிமொழிப் பத்திரம். அதற்கு உலகப் பொதுத் தரம், வளைகுடாப் பொதுத் தரம், நாட்டு விதி என்று மூன்று அடுக்கு இருக்கிறது. இனி பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்போம்.

## பெருங்காயத்துக்குள் ஒளிந்திருக்கும் கோதுமை

லேபிளில் கட்டாயம் இருக்க வேண்டியவை பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்தவைதான். உணவின் பெயர், சேர்மானப் பட்டியல், கிராம் அல்லது மில்லியில் நிகர அளவு, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்பவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, ஒரே தடவையில் தயாரித்த சரக்கைக் குறிக்கும் பேட்ச் எண், தேதிகள், எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்ற குறிப்பு. இவற்றில் அதிகம் தடுக்கி விழும் இடம் சேர்மானப் பட்டியல். அதனால் அங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முதல் விதி எளிது. எடையில் அதிகமானது முதலில், குறைவானது கடைசியில். சாம்பார் பொடியில் கொத்தமல்லி விதை முதலில் வரும், பெருங்காயம் கடைசியில் வரும். அரைக்கும்போது எதை முதலில் போட்டோம் என்பது கணக்கில்லை, எவ்வளவு போட்டோம் என்பதுதான் கணக்கு.

இப்போது அந்தக் கடைசிப் பெயரைப் பாருங்கள். நாம் கடையில் டப்பாவில் வாங்குவது சுத்தப் பெருங்காயம் இல்லை, கூட்டுப் பெருங்காயம். சுத்தமான பெருங்காயப் பால் காரமும் நெடியும் தாங்க முடியாத அளவில் இருக்கும். அதை அளந்து போடத் தோதாக மைதாவோ அரிசி மாவோ, பிசினோ, கொஞ்சம் எண்ணெயோ கலந்து விற்கிறார்கள். இப்படித் தனக்குள்ளேயே பல சேர்மானங்களை வைத்திருக்கும் ஒரு சேர்மானத்துக்குக் கூட்டுச் சேர்மானம் என்று பெயர்.

கோடெக்ஸ் இங்கே ஒரு சலுகை தருகிறது. கூட்டுச் சேர்மானம் மொத்த உணவில் 5 சதவீதத்துக்கும் குறைவு என்றால், அதற்குள் இருப்பதையெல்லாம் பொதுவாகப் பிரித்து எழுத வேண்டாம். சாம்பார் பொடியில் பெருங்காயம் 1 சதவீதம்தான் இருக்கும். சரி, அப்படியானால் 'பெருங்காயம்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகலாமா?

போக முடியாது, ஏனென்றால் சலுகைக்கு ஒரு விலக்கு இருக்கிறது. உள்ளே ஒவ்வாமைப் பொருள் இருந்தால், அளவு எவ்வளவு சிறிதானாலும் அதைச் சொல்லியே ஆக வேண்டும். பெரும்பாலானவர்களுக்குச் சாதாரண உணவாகவும், சிலருக்கு மட்டும் உடம்பைக் கடுமையாகப் பாதிப்பதாகவும் இருக்கும் பொருளுக்கு இந்தப் பெயர். கோதுமை போன்ற, குளூட்டன் என்ற புரதம் உள்ள தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, நிலக்கடலை, சோயா, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள் ஆகியவை இந்தப் பட்டியலில் உண்டு. உலர்பழங்கள் நிறம் மாறாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டும் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் எட்டினால் பட்டியலுக்குள் வந்துவிடும். நம்மவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும், கடுகும் எள்ளும். வளைகுடாப் பட்டியலில் அவையும் உண்டு. ஊறுகாயும் இட்லிப் பொடியும் அனுப்புகிறவர்களுக்கு இது நேராகப் பொருந்தும்.

ஆக, பெருங்காயத்துக்குள் இருக்கும் மைதா அந்தச் சாம்பார் பொடியில் அரை சதவீதம்கூட வராது. ஆனாலும் 'கோதுமை' என்ற சொல் லேபிளில் இருக்க வேண்டும். ஈரோட்டுத் தம்பியின் பாக்கெட்டில் ஆங்கிலப் பட்டியல் சரியாகவே இருந்தது, பெருங்காயத்தை அடுத்து அடைப்புக்குறிக்குள் கோதுமை மாவு என்று போட்டிருந்தது. அரபி ஸ்டிக்கரில் பெருங்காயத்தின் அரபுப் பெயரான 'ஹில்தீத்' மட்டும் இருந்தது. மொழிபெயர்த்தவர் அடைப்புக்குறிக்குள் இருந்ததைத் தேவையில்லாத விவரம் என்று விட்டிருப்பார். அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு மொழியில் கோதுமை இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. எந்த உறுதிமொழி உண்மை?

இதைக் கெடுபிடி என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு ஒப்பாது. குளூட்டன் ஒத்துக்கொள்ளாத குழந்தை இருக்கும் வீட்டில் அம்மா படிப்பது அந்த ஒரு சொல்லைத்தான். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்றால், அரபியில் அந்தச் சொல் இல்லாத பாக்கெட் அவரிடம் பொய் சொல்கிறது.

சேர்மானத்தில் இன்னும் ஒரு விஷயம். நிறமி, பதப்படுத்தி, கெட்டியாக்கி போன்றவற்றைச் சேர்க்கைப் பொருள் என்கிறோம். அவற்றை என்ன வேலைக்காகச் சேர்த்தோம் என்ற வகைப் பெயரோடும், பொருளின் பெயர் அல்லது 'ஈ' என்று தொடங்கும் எண்ணோடும் எழுத வேண்டும். 'அனுமதிக்கப்பட்ட நிறமி' என்று மொட்டையாக எழுதிவிட முடியாது. அது எந்த நிறமி என்ற கேள்வி வரும்.

## தேதியை ஸ்டிக்கரில் போடாதீர்கள்

மொழிபெயர்ப்பை ஸ்டிக்கராக ஒட்டலாம். தேதியை ஒட்டக் கூடாது. இந்த ஒரு வரி தெரியாமல் போனவர்கள் நிறையப் பேர்.

காரணம் யோசித்தால் உடனே புரியும். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் ஒட்டலாம். காலாவதியான சரக்குக்குப் புது ஆயுள் கொடுக்க ஒரு கத்தை ஸ்டிக்கர் போதும். அதனால்தான் தயாரிப்பு தேதியும் காலாவதி தேதியும் தயாரிக்கும் இடத்திலேயே, அழியாத மையிலோ அழுத்தி எழும்பிய எழுத்திலோ, பாக்கெட்டின் மேலேயே இருக்க வேண்டும். ஒரே பாக்கெட்டில் இரண்டு ஜோடித் தேதிகள் இருக்கக் கூடாது.

'அடைத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் பயன்படுத்தவும்' என்று எழுதும் பழைய பழக்கம் நம்மூரில் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. காலாவதி தேதி கட்டாயமான உணவுக்கு அது இங்கே செல்லாது. படிப்பவர் கணக்குப் போட வேண்டிய தேதி தேதியே அல்ல, முடியும் நாளை நேராக எழுத வேண்டும். மூன்று மாதத்துக்குள் காலாவதியாகும் பொருளுக்கு நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை. அதற்கு மேல் தாங்கும் பொருளுக்கு மாதமும் ஆண்டும் போதும். நாளையும் சேர்த்தே போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன், அதில் தகராறு வருவதில்லை.

தம்பியின் பாக்கெட்டில் தேதி சரியாகவே அச்சாகியிருந்தது. ஆனால் ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் வேகத்தில் அதன் மேலேயே ஒட்டிவிட்டார்கள். காலாவதி ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் ஸ்டிக்கருக்கு அடியில். ஸ்டிக்கர் மூல லேபிளின் எந்தக் கட்டாய விவரத்தையும் மறைக்கக் கூடாது என்பதும் விதி. அன்றைக்கு அதிகாரி எழுதிய இரண்டாவது குறை இதுதான்.

## அரபி எழுத்து உடைந்தால்

தமிழ் எழுத்துரு சரியில்லாத கம்ப்யூட்டரில் 'கோவில்' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிரிந்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அரபிக்கும் அதே நோய் வரும், இன்னும் மோசமாக வரும். அரபி எழுத்துகள் கை கோத்துக்கொண்டு நிற்பவை. சொல்லின் தொடக்கத்தில், நடுவில், கடைசியில் என்று இடத்துக்குத் தகுந்தபடி ஒரே எழுத்தின் உருவம் மாறும். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அரபிக்கு ஏற்பாடு இல்லாத டிசைன் மென்பொருளில் சரியான வாக்கியத்தை எடுத்து ஒட்டினாலும், எழுத்துகள் கையை விட்டுத் தனித்தனியாக நிற்கும், வரிசையும் தலைகீழாகும். அச்சகத்தில் யாருக்கும் அரபி தெரியாததால் அப்படியே அச்சாகிவிடும்.

எண்ணிலும் கவனம் வேண்டும். 1, 2, 3 என்று நாம் எழுதுவதையே லேபிளில் பயன்படுத்தலாம். அரபி வடிவ இலக்கங்களைப் பயன்படுத்தினால் கண் ஏமாறும். அங்கே பூஜ்யம் ஒரு புள்ளி. ஐந்து நம் பூஜ்யம் மாதிரி இருக்கும். ஆகவே 500 கிராம் என்பது நமக்கு ஒரு வட்டமும் இரண்டு புள்ளியுமாகத் தெரியும். ஏழு என்ற இலக்கத்தைத் தலைகீழாகப் போட்டால் எட்டு. எழுத்து வலமிருந்து இடமாகப் போனாலும், எண்ணின் இலக்கங்கள் நம்மைப் போலவே இடமிருந்து வலமாகத்தான் நிற்கும்.

நான் யாருக்கும் சொல்வது ஒன்றுதான். அச்சுக்குப் போகும் கடைசிப் படத்தை, மொழிபெயர்த்த ஃபைலை இல்லை, அச்சுக்குப் போகும் அந்தப் படத்தையே, அரபி வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அரபியைக் கவனமாக ஓதத் தெரிந்தவர் உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் இருப்பார். அவருக்கு உணவுச் சட்டம் தெரிய வேண்டாம். எழுத்து உடைந்திருந்தால் பார்த்ததுமே சொல்லிவிடுவார்.

இதுவரை பார்த்தது: சேர்மானம் எடை வரிசையில், ஒவ்வாமைப் பொருள் எந்த அளவானாலும், தேதி பாக்கெட்டிலேயே, அரபியும் மூல மொழியும் ஒன்றுக்கொன்று முரணில்லாமல்.

## எண்களும் பெருமைப் பேச்சும்

ஊட்டச்சத்துப் பட்டியலில் இருப்பது 100 கிராமுக்கு எவ்வளவு ஆற்றல், புரதம், மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு, உப்பு என்ற விவரம். இதையும் சரிபார்க்க வழி இருக்கிறது, அதுவும் மனக்கணக்கில். ஒரு கிராம் புரதத்துக்கு 4 கிலோகலோரி, மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9. பாக்கெட்டில் புரதம் 12 கிராம், மாவுச்சத்து 50, கொழுப்பு 10 என்று இருந்தால், 48, 200, 90 சேர்ந்து 338 வர வேண்டும். நார்ச்சத்துக்குத் தனிக் கணக்கு உண்டு, அதனால் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனால் லேபிளில் 420 என்று இருந்தால், யாரோ இன்னொரு பொருளின் பட்டியலை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எனக்கு வரும் மாதிரிகளில் இது அடிக்கடி நடக்கிறது. மிளகாய்த்தூளுக்கும் மல்லித்தூளுக்கும் ஒரே எண்கள்!

இந்த எண்களுக்கு இப்போது பண மதிப்பும் வந்துவிட்டது. சவுதியும் அமீரகமும் 2017 இல் குளிர்பானங்களுக்குக் கலால் வரி போட்டன. 2026 ஜனவரி முதல் அமீரகத்தில் இனிப்புப் பானத்தின் வரி 100 மில்லியில் எவ்வளவு சர்க்கரை என்பதைப் பொறுத்து மாறுகிறது. கொழுப்பில் சவுதி கண்டிப்பானது. வனஸ்பதி போல, எண்ணெயைப் பாதி இறுக வைத்துத் தயாரிக்கும் கொழுப்பை 2020 லேயே உணவில் தடை செய்துவிட்டது. முறுக்கும் மிக்சரும் பிஸ்கட்டும் அனுப்புகிறவர்கள் தாங்கள் வாங்கும் கொழுப்பின் சான்றிதழைக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும்.

அப்புறம் பெருமைப் பேச்சு. 'சர்க்கரை இல்லாதது', 'கொழுப்பு குறைந்தது' என்பவை உரிமைகோரல்கள், அதாவது பொருளுக்கு ஒரு சிறப்பு இருப்பதாக லேபிள் அடித்துச் சொல்லும் வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் அளவுகோல் இருக்கிறது. கோடெக்ஸ் கணக்கில் 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'சர்க்கரை இல்லாதது' என்று சொல்ல முடியாது. நோயைக் குணப்படுத்தும் என்பது அறவே கூடாது. நம் ஊர் சத்துமாவுப் பாக்கெட்டுகளில் சர்க்கரை நோய்க்கு நல்லது, மூட்டு வலிக்கு நல்லது என்று நல்ல மனதோடுதான் எழுதுகிறார்கள். இங்கே அப்படி ஒரு வரி இருந்தால், உணவு என்று பதிய வேண்டியது மருந்துக் கேள்வியாக மாறிவிடும். அந்த வரியை எடுத்துவிட்டால் கேழ்வரகின் ருசி குறையாது.

## ஹலால் முத்திரை செய்வதும் செய்யாததும்

ஹலால் என்றால் இஸ்லாமிய முறைப்படி அனுமதிக்கப்பட்டது. இறைச்சியும் இறைச்சிப் பொருளும் அனுப்பினால், அறுத்த முறைக்கு ஹலால் சான்றிதழ் வேண்டும். அதுவும் போகும் நாடு அங்கீகரித்த அமைப்பு கொடுத்ததாக இருக்க வேண்டும். யார் கொடுத்தாலும் செல்லும் என்பது தவறு.

சாம்பார் பொடிக்கு? மல்லி, மிளகாய், பருப்பு. அதில் முத்திரை இல்லையென்று யாரும் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் முத்திரையைப் போட்டுவிட்டீர்கள் என்றால் அதுவும் ஓர் உரிமைகோரல் ஆகிவிடுகிறது, தாள் எங்கே என்று கேட்பார்கள். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று இணையத்தில் எடுத்த முத்திரையை அச்சடித்து மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

உண்மையான சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மிட்டாயில் ஜெலட்டின், அது எந்த விலங்கின் எலும்பு, தோலிலிருந்து வந்தது? பிஸ்கட்டிலும் கேக்கிலும் வரும் 'ஈ 471' என்ற பால்மமாக்கி, தாவர எண்ணெயிலிருந்தா, விலங்குக் கொழுப்பிலிருந்தா? வனிலா எசன்ஸில் கரைப்பானாக ஆல்கஹால் இருக்கிறதா? இவற்றின் மூலத்தை லேபிளிலும் தாளிலும் சொல்ல வேண்டும். சைவம் என்று காட்டும் நம் பச்சைப் புள்ளிக்கு இங்கே சட்ட மதிப்பு இல்லை. நம்மவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது.

மசாலாக்காரர்களுக்கு ஹலாலைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு: கசகசா. குருமா மசாலாவிலும் செட்டிநாட்டு மசாலாவிலும் நாம் சாதாரணமாகச் சேர்ப்பது. அது அபினிச் செடியின் விதை. அமீரகம், சவுதி உட்பட வளைகுடா நாடுகளில் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. இது லேபிள் திருத்திச் சரிசெய்யும் விஷயம் இல்லை, சிறை வரைக்கும் போகும் விஷயம். பட்டியலில் எழுதாமல் உள்ளே போடுவது அதைவிட மோசம். வளைகுடாவுக்கு என்று தனியாக, கசகசா இல்லாத செய்முறை வைத்துக்கொள்ளுங்கள். அரைக்கும் இயந்திரத்தையும் நன்றாகத் துடைத்துவிட்டு அரையுங்கள்.

## சரக்கு வரும் வழியில் என்ன நடக்கிறது?

பரிசோதனை துறைமுகத்தில்தான் தொடங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. துபாயில் இறக்குமதியாளர் ஒவ்வொரு பொருளையும் பலதியாவின் இணையத் தளத்தில் பதிய வேண்டும். லேபிளின் படம், சேர்மானங்கள், தேவையான சான்றிதழ்கள் எல்லாம் அங்கே ஏறும். லேபிளைப் படித்துக் குறை சொல்வார்கள், திருத்திக் கொடுக்கலாம். இந்த இடத்தில் கிடைக்கும் குறைக்குச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, படத்தை மாற்ற ஆகும் நேரம்தான். அச்சடிக்கும் முன் இதை முடிப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

இரண்டாவது, சரக்கு இறங்கும்போது. பதிந்த லேபிளும் பாக்கெட்டில் இருக்கும் லேபிளும் ஒன்றுதானா, இன்வாய்ஸில் இருக்கும் பெயரும் எடையும் பாக்கெட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். சில சரக்கில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். மசாலாவில் பூஞ்சை நச்சு, கலப்பட நிறமி, கிருமி போன்றவற்றைத் தேடுவார்கள். மூன்றாவது, கடையில். அலமாரியில் ஏறிய பிறகும் அதிகாரி வந்து பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். ஏதாவது கோளாறு தெரியவந்தால் எந்தச் சரக்கைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று சொல்வது பேட்ச் எண்தான். அது இல்லாவிட்டால் ஒரு நாள் அரைத்ததற்காக ஒரு வருடம் அரைத்ததையெல்லாம் எடுக்க வேண்டி வரும்.

குறை கண்டால் மூன்று முடிவு வரலாம்: திருத்த அனுமதி, திருப்பி அனுப்புதல், அழித்தல். தேதியே இல்லை, அல்லது உள்ளே தடை செய்த பொருள் இருக்கிறது என்றால் திருத்த வழி கிடையாது.

ஈரோட்டுத் தம்பிக்கு முதல் முடிவு கிடைத்தது. ஆங்கிலப் பட்டியல் உண்மையைச் சொன்னதும், தேதி பாக்கெட்டிலேயே அச்சாகியிருந்ததும் அவரைக் காப்பாற்றின. கிடங்கில் ஆறு பேர் உட்கார்ந்து இரண்டு நாள் ஸ்டிக்கரை உரித்தோம். புது ஸ்டிக்கரில் ஹில்தீத்துக்குப் பக்கத்தில் 'தகீக் கம்ஹ்' என்று சேர்த்தோம், கோதுமை மாவு என்று அர்த்தம். கோதுமையைக் குறிக்கும் 'கம்ஹ்' மட்டும் தடித்த எழுத்தில். இந்தத் தடவை தேதிக்கு இரண்டு விரல் தள்ளி ஒட்டினோம்.

ஒரு மாதம் கழித்து ஷார்ஜாவில் ஒரு மளிகைக் கடையில் நின்றிருந்தேன். அரபி பேசும் பெண் ஒருவர், சின்னப் பையனைக் கையில் பிடித்தபடி, அந்தப் பாக்கெட்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிடித்திருந்தது போலும். பின்பக்கம் திருப்பி, விரலை வரி வரியாக வலமிருந்து இடமாக நகர்த்தினார். விரல் 'கம்ஹ்' மேல் நின்றது. பையனைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, பாக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பக்கத்து அலமாரிக்கு நகர்ந்தார்.